குரோஷே பொம்மைக்குப் பட்டன் கண் வைக்கலாமா? கழன்று வராமல் தைப்பது எப்படி?

மொபைலில் வீடியோ பார்த்தே குரோஷே கற்றுக்கொண்டவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குல்லா, குட்டி ஷூ, கரடி பொம்மை, தோளில் மாட்டும் பை என்று பின்னித் தள்ளுகிறார்கள். பின்னுவதற்குப் பத்து நாள் ஆகும். பட்டனும் பாசியும் வைப்பதற்கு மட்டும் கடைசி அரை மணி நேரம்தான் ஒதுக்குவோம். ஒரு மாதம் கழித்து முதலில் கழன்று வருவதும் அந்தப் பட்டன்தான்.

பெரியவர்கள் போடும் ஸ்வெட்டர் என்றால் பரவாயில்லை, வேறு பட்டன் தைத்துக்கொள்ளலாம். ஒன்பது மாதக் குழந்தை கையில் இருக்கும் கரடியின் கண் கழன்றால் அது நேராக வாய்க்குத்தான் போகும்.

தருமபுரி மாவட்டத்தில், மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கும் பக்கமாக இருக்கிறது ஏரியூர். இது போன்ற சிறிய ஊர்களில் குரோஷேவுக்கான விசேஷப் பொருட்கள் சுலபத்தில் கிடைக்காது. அதனால் கவலைப்பட வேண்டாம். பட்டன் விஷயத்தில் தேவைப்படுகிற எல்லாமே சாதாரணத் தையல் சாமான் கடையில் இருக்கும். ஓட்டையே இல்லாத கண்ணாடியைத் துணியில் நிற்க வைக்கும் கைவேலையும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

சட்டைக்குத் தைப்பது போலத் தைத்தால் என்ன?

சட்டைத் துணியில் ஓர் அங்குலத்துக்குள் பல பத்து இழைகள் நெருக்கமாக ஓடுகின்றன. ஊசி எங்கே குத்தினாலும் நூலைப் பிடித்துக்கொள்ள நாலைந்து இழைகள் இருக்கும். அதோடு, பட்டன் வரும் பட்டியில் துணியை மடித்து இரண்டு மூன்று அடுக்காகத்தான் தையல்காரர் விட்டிருப்பார்.

குரோஷேவில் நிலைமை வேறு. வழக்கமான நான்கு ப்ளை உல்லன் நூலில் பின்னினால் ஓர் அங்குலத்துக்கு மூன்று அல்லது நான்கு கண்ணிதான் வரும். மீதியெல்லாம் இடைவெளி. மெல்லிய தையல் நூலால் ஒரே இழையைப் பிடித்துத் தைத்தால், பட்டனை இழுக்கும்போது அந்த ஒற்றை இழை மட்டும் வளையமாக வெளியே வந்துவிடும். நூல் அறுந்திருக்காது, முடிச்சும் அவிழ்ந்திருக்காது. ஆனாலும் பட்டன் தொங்கும். முடிச்சு சிறியதாக இருந்தால் இடைவெளி வழியாகவே நழுவி முன்பக்கம் வந்துவிடும்.

ஆகவே குரோஷேவில் பட்டனைத் தாங்குவது அதன் பின்னால் இருக்கும் பிடிமானம்தான். முன்பக்கம் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பின்னால் பிடிக்க எதுவும் இல்லையென்றால் நிற்காது. இது ஒன்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் கை வேலை மட்டும்தான்.

ஊசியும் நூலும்

முதல் சிக்கல், உல்லன் நூல் பட்டன் ஓட்டைக்குள் நுழையாது. பட்டன் வியாபாரத்தில் அளவை ‘லைன்’ கணக்கில் சொல்வார்கள். 40 லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம். சட்டைக்கு வரும் 18 லைன் பட்டனின் அகலம் சுமார் 11 மி.மீ. தான். அதன் ஓட்டைக்குள் நான்கு ப்ளை நூலோடு ஊசியை நுழைக்க முடியாது.

நூலின் முறுக்கைப் பிரித்தால் உள்ளே நான்கு இழை இருக்கும். அதில் இரண்டை மட்டும் எடுத்து லேசாக மறுபடி முறுக்கிக்கொண்டால் ஓட்டைக்குள் போய்விடும், நிறமும் அச்சாகப் பொருந்தும். முறுக்குப் பிரித்த உல்லன் சீக்கிரம் நைந்துபோகும் என்பதால் அதனுடன் அதே நிறப் பாலியஸ்டர் தையல் நூல் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. எம்ப்ராய்டரிக்கு வாங்கும் ஆங்கர் நூலும் ஆகும். அதில் ஆறு இழை இருக்கும், மூன்றோ நான்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வழவழப்பான பருத்தி நூலாக இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆட்டு உரோம நூல் துவைக்கத் துவைக்க ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், முனை அதுவாகவே பிடித்துக்கொள்ளும். பருத்தியும் அக்ரிலிக்கும் அப்படி இல்லை. கடையில் ‘உல்லன்’ என்று கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். இவற்றில் மிச்ச நூலை ஒரு பக்கமாக இழுத்துவிட்டு வெட்டினால் நாலு துவையலில் வெளியே வந்துவிடும். ஒரு திசையில் இரண்டு அங்குலம், அப்படியே திரும்பி எதிர்த் திசையில், பிறகு குறுக்காக என்று மூன்று தரம் உள்ளே கோர்த்துவிட்டுப் பிறகு வெட்ட வேண்டும்.

பின்னால் இன்னொரு பட்டன்

இப்போது பட்டனை வைக்கிறோம். இடத்தை ஊக்கு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு ஓட்டைப் பட்டன் என்றால் நான்கு ஓட்டையும் ஒரே இடைவெளிக்குள் இறங்கக் கூடாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு கண்ணியின் தடிமனான தண்டைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்.

இதற்கு மேலும் வலு வேண்டுமென்றால் கோட்டுகளைக் கவனியுங்கள். கனமான கோட்டில் முன் பட்டனுக்கு நேர் பின்னால், உள்பக்கமாக, தட்டையான சின்னப் பட்டன் ஒன்று இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே நூலில் தைத்திருப்பார்கள். இழுவிசை துணியின் மேல் விழாமல் பின் பட்டனின் முழு அகலத்துக்கும் பரவிவிடும். குரோஷேவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றே சொல்லலாம். உடம்பில் உறுத்தும் என்றால் பட்டனுக்குப் பதிலாக ஃபெல்ட் துணித் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி வைக்கலாம்.

இரண்டு ஓட்டை, நான்கு ஓட்டைப் பட்டனில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒட்ட இழுத்துத் தைத்தால், தடிமனான குரோஷே பட்டி அடியில் நுழைய இடமே இருக்காது. மேலே ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மேலாக நூலை ஓட்டுங்கள். தைத்து முடித்ததும் குச்சியை உருவிவிட்டுப் பட்டனைத் தூக்கினால் அடியில் நூல் தளர்வாக நிற்கும். அந்த நூலை ஐந்தாறு முறை இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டால் பட்டனுக்கு ஒரு குட்டிக் கால் கிடைத்துவிடும். பின்பக்கம் வளையம் வைத்தே வரும் பட்டனுக்கு இந்த வேலை இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் கனமானவை. லேசான பின்னலில் தலையைக் கவிழ்த்துத் தொங்கும்.

காஜா எவ்வளவு பெரிதாக?

நம் ஊர் தையல் கடைகளில் பட்டன் ஓட்டைக்குக் காஜா என்று பெயர். ‘பொத்தான்’ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். இந்திய மொழிகளில் வழங்கும் ‘காஜ்’, ‘காஜா’ ஆகியவையும் அதே மொழியில் வீடு என்று பொருள்படும் ‘காஸா’விலிருந்து வந்தவை என்று சொற்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பொத்தானுக்கு வீடு! நன்றாகத்தான் இருக்கிறது.

குரோஷேவில் இந்த வீட்டைக் கொஞ்சம் குறுகலாகக் கட்ட வேண்டும். சட்டைத் துணி நீளாது, அதனால் காஜாவைப் பட்டன் அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுவார்கள். குரோஷே நீளும். பட்டன் அளவுக்கே ஓட்டை விட்டால் நாலு நாளில் தளர்ந்து பட்டன் தானாக வெளியே வரும். பட்டன் கொஞ்சம் சிரமப்பட்டு நுழைந்தால்தான் சரியான அளவு. ஓட்டை போடுவது எளிது. பின்னிக்கொண்டே வரும்போது இரண்டு மூன்று கண்ணியைத் தாண்டிவிட்டு அதே எண்ணிக்கையில் செயின் போட்டால் போதும். அடுத்த வரிசையில் அந்தச் செயின் மேலேயே பின்னிக்கொண்டு போகலாம். டபுள் குரோஷே என்றால் பல சமயம் தனி ஓட்டையே வேண்டாம். இரண்டு தண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியே சின்னப் பட்டனுக்குப் போதும்.

அதனால்தான் பட்டனை முதலில் வாங்கிவிட்டுப் பட்டியைப் பின்ன வேண்டும் என்கிறோம். எல்லாம் முடித்துவிட்டு ஓட்டைக்கு ஏற்ற பட்டனைத் தேடிக் கடை கடையாக அலைவது தேவையில்லாத வேலை.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு

தருமபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஏரியூர் என்றால், தென்கிழக்கு ஓரத்தில் அரூர் பக்கம் இருக்கிறது சிட்லிங்கி. அங்கே மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-ல் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனை பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் மலையாளி மக்களோடு லம்பாடி மக்களும் வாழ்கிறார்கள். அவர்களின் எம்ப்ராய்டரி ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. வயதான ஓரிரு பெண்களின் கையில் மட்டும் மிச்சம் இருந்தது. அவர்களிடமிருந்து இளைய பெண்கள் கற்றுக்கொள்ள, 2006-ல் ‘பொர்கை’ என்ற கைவினைஞர் அமைப்பு உருவானது. லம்பாடி பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பெருமிதம் என்று அர்த்தம்.

குரோஷேவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? லம்பாடி பெண்களின் பாரம்பரிய உடையில் கண்ணாடித் துண்டு, சோழி, நாணயம், பாசி, உலோகக் குண்டு எல்லாம் கோர்த்திருக்கும். ஆடினாலும் ஓடினாலும் விழாது. அதிலும் கண்ணாடிக்கு ஓட்டையே கிடையாது. பிறகு எப்படி நிற்கிறது?

கண்ணாடியைத் துணி மேல் வைத்து, முதலில் அதன் மேலாக இரண்டு இழை நெடுக்கே, இரண்டு இழை குறுக்கே என்று கட்டம் போல இறுக்கமாக ஓட்டுவார்கள். தேவைப்பட்டால் மூலைவாட்டத்தில் இன்னொரு கட்டம். பிறகு ஊசி கண்ணாடியின் ஓரமாகவே சுற்றி வரும். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தின் நூலைக் கொக்கி போலப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்துத் துணியில் இறக்கும். ஒரு சுற்று முடிந்ததும் கட்டம் விரிந்து வட்டச் சட்டமாகிவிடும். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிலும் நூல் கவ்விக்கொள்ளும். ஒரே ஒரு முடிச்சை நம்பி அது நிற்பதில்லை.

இதைக் குரோஷேவுக்கு அப்படியே கொண்டு வரலாம். கண்ணாடியைவிட ஒரு சுற்றுச் சிறிய வளையமாக மெல்லிய நூலில் பின்னி, கண்ணாடி மேல் தொப்பி போலப் போட்டு, வளையத்தின் வெளி ஓரத்தை அடியில் உள்ள பின்னலோடு கண்ணி கண்ணியாக இணைத்துவிட வேண்டும். ஓட்டை இல்லாத நாணயம், கூழாங்கல் எதற்கும் இதே வழிதான். கண்ணாடியின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நூலை அறுத்துவிடும். எம்ப்ராய்டரிக்கென்று விற்கும், ஓரம் மழுங்கிய கண்ணாடியை வாங்குங்கள். பசை போட்டு ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை: பசை, நூல் நீளும்போது நீளாது. அதனால் விட்டுவிடும். தைப்பதற்கு முன் நகராமல் இருக்க ஒரு சொட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

பாசிமணிக்கு வேறு கணக்கு. பின்னத் தொடங்குவதற்கு முன்பே நூலில் கோர்த்து வைத்துவிட்டு, வேண்டிய இடத்தில் ஒன்றொன்றாகத் தள்ளிப் பின்னலுக்குள் சேர்ப்பதுதான் உறுதியானது. கடைசியாகக் கோர்த்த மணிதான் முதலில் வரும். ஆகவே நிற வரிசை இருந்தால் தலைகீழாகக் கோர்க்க வேண்டும். சிங்கிள் குரோஷேவில் மணி நமக்கு எதிர்ப்பக்கம் போய் உட்காரும் என்பதால், உள்பக்கம் நம்மைப் பார்த்து இருக்கும் வரிசையில் மணியைச் சேர்த்தால்தான் வெளியே தெரியும். சமிக்கி வைத்தால் இஸ்திரிப் பெட்டியை மறந்துவிடுங்கள், சுருண்டுவிடும்.

மூன்று வயதுக்குள் என்றால்?

வைக்காதீர்கள். இதுதான் நேரடியான பதில்.

எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பொம்மைகளுக்கான சர்வதேசத் தரவிதிகளில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானவற்றைச் சோதிக்க ஒரு சிறு உருளை இருக்கிறது. உள்விட்டம் 31.7 மி.மீ. பொம்மையிலிருந்து கழன்ற துண்டு அதற்குள் முழுதாக அடங்கினால் அந்தப் பொம்மை தேறாது. ஒப்பிட்டுப் பார்க்க, நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மி.மீ. அதாவது, நாம் பொம்மைக்கு வைக்கும் பட்டன் எல்லாமே இந்த உருளைக்குள் அடங்கும்.

‘சேஃப்டி ஐ’ என்று பிளாஸ்டிக் கண் விற்கிறார்களே, அது? முன்பக்கம் கண், பின்பக்கம் வாஷர், மாட்டினால் திரும்பக் கழற்ற முடியாது. உண்மைதான், வாஷர் கழலாது. ஆனால் குழந்தை கடித்து இழுக்கும்போது பின்னல் விரிந்து, வாஷரோடு சேர்ந்தே வெளியே வர இடமிருக்கிறது. பெயரில் சேஃப்டி இருப்பதால் மட்டும் கைக்குழந்தைக்கு அது சரியாகிவிடாது. கறுப்பு நூலால் கண், மூக்கை எம்ப்ராய்டரி போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும்.

பட்டன் வேண்டாம் என்று குல்லாவுக்குக் கயிறும் குஞ்சமும் வைப்பவர்கள் உண்டு. அதுவும் சரியல்ல. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் இழுத்துக் கட்டும் கயிறு கூடாது என்று ஐரோப்பியத் தரவிதி இ.என். 14682 சொல்கிறது. கயிறு எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். காது வரை மூடும் அகலமான குல்லா கயிறு இல்லாமலே நிற்கும். கைப்பைக்கு வைக்கும் மேக்னட் பட்டனையும் குழந்தைப் பொருளில் சேர்க்க வேண்டாம். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும்.

ஒருவேளை குழந்தையின் தொண்டையில் எதாவது சிக்கி, இருமவோ அழவோ முடியாமல் திணறினால், உடனே 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் முதலுதவியைத் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் குழந்தையைக் கையின் மேல் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம். துண்டு வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். குழந்தை நினைவிழந்தால் சி.பி.ஆர். தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும்.

விற்பவர்களுக்கு

இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்துப் பொம்மை விற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தரமுத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு தரப்பட்டிருக்கிறது. பதிவு எதுவும் இல்லாமல் ‘ஹேண்ட்மேட்’ என்று எழுதிவிட்டால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பட்டன் கண் பாதுகாப்பாகிவிடாது என்பதும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். எந்த வயதுக்கு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்புவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

ஒரு வாளித் தண்ணீர் போதும்

பெரிய குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் செய்யும் பொருளில் தையல் நிற்குமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஐரோப்பியப் பொம்மைத் தரவிதி இ.என். 71-ல், 6 மி.மீ.-க்கு மேற்பட்ட உதிரி பாகத்தை 90 நியூட்டன் விசையில் பத்து நொடி இழுத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 9 கிலோ தொங்குவதற்குச் சமம்.

அதே நூல், அதே ஊசியில் உள்ளங்கை அளவு சாம்பிள் துண்டு பின்னுங்கள். நீங்கள் வழக்கமாகத் தைக்கும் முறையில் ஒரு பட்டனைத் தைத்து, ஒருமுறை துவைத்துக் காய வையுங்கள். பட்டனின் காலில் உறுதியான கயிறு கட்டி, துண்டை ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, கயிற்றில் வாளியை மாட்டி லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இது தரச்சான்று ஆகாது. ஆனால் மூன்றாவது லிட்டரிலேயே கண்ணி வளையமாக நீண்டு வந்தால், பின்னால் பிடிமானம் போதவில்லை என்று கண் முன்னால் தெரிந்துவிடும். பின் பட்டன் வைத்து ஒரு சாம்பிளும், வைக்காமல் ஒரு சாம்பிளும் செய்து பாருங்கள், வித்தியாசம் புரியும்.

பொம்மைக்குப் பட்டன் வைப்பதாக இருந்தால் பஞ்சு அடைப்பதற்கு முன்பே தைத்துவிடுங்கள். அடைத்த பிறகு உள்பக்கம் ஊசி போகாது, பின் பட்டனும் வைக்க முடியாது. பரிசாகக் கொடுக்கும்போது அதே பட்டனில் ஒன்றும், அதே நூலில் ஒரு முழமும் சின்னக் கவரில் போட்டுக் கூடவே கொடுத்துவிடலாம். துவைத்த பிறகு ஒவ்வொரு முறையும் பட்டனை ஒரு இழு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.